பர்வதமலையில் நான் குடிக்காத தண்ணீர்

சிதம்பரத்தில் நான் படுத்திருந்த மருத்துவமனையின் தாழ்வாரம் நீளமானது. ஒரு முனையில் லிஃப்ட். மறுமுனையில் டயாலிசிஸ் அறை (சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை இயந்திரம் செய்யும் இடம்). லிஃப்ட் கதவு திறந்ததும் அங்கே நின்றபடியே மாமா கத்துவார்.

"மதி! யூரின் போச்சா?"

பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் நான், கழுத்தில் குழாய் செருகியிருப்பதால் தலையாட்ட முடியாமல், கையை மட்டும் ஆட்டுவேன். இல்லை. முகம் தெரியாதவர்கள்கூட உச்சுக்கொட்டுவார்கள்.

அது 2010, சித்திரை வெயில். எனக்கு இருபத்துநான்கு வயது. கடலூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீடு சிதம்பரத்தில், அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான். மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர்.

அந்த ஒரு கேள்வியில்தான் என் மீதி வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது. சிறுநீர் திரும்ப வந்தால் நான் வீட்டுக்குப் போவேன். வராவிட்டால் வாழ்நாள் முழுக்க இயந்திரம், அல்லது அம்மாவின் ஒரு சிறுநீரகம். இன்று அதேபோன்ற ஒரு தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்ல முடியும்.

பர்வதமலைக்கு நான் பக்தியால் போகவில்லை. உயரமாக எதைப் பார்த்தாலும் ஏறிவிட வேண்டும் எனக்கு. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரிக்கு மாணவர்களை அழைத்துப் போனபோது அவர்களுக்கு முன்னால் நான் உச்சியில் நின்றேன். திருவண்ணாமலைக்கு அப்பால் இருக்கும் பர்வதமலையில், பாறையில் அடித்த கடப்பாறைகளைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்று மாமா சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை. மாமாவும் கடைவீதி நண்பர்களும் வருடாவருடம் வேன் எடுத்துப் போவார்கள். பள்ளி விடுமுறை விட்டதும் நானும் தொற்றிக்கொண்டேன். துணைக்கு என்னோடு வேலை பார்க்கும் எழிலரசி டீச்சர். குறிஞ்சிப்பாடியில் ஏறிக்கொண்டாள். வேனில் பெண்கள் நாங்கள் இருவர்தான்.

முந்தைய மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் ஏறப்போகிறோம் என்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது எந்தப் பெண்ணுக்கும் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. தினமும் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் போய்வந்தவள் நான். காலையில் அரை டம்ளர் காபி. பிறகு மாலையில் வீடு திரும்பிய பின்தான் சொம்பைத் தூக்குவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வழியில் டயர் பஞ்சர். அடிவாரம் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. செருப்பை வேனிலேயே விட்டோம். மாமாவின் நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துக் குடித்தார்கள். நான் பாட்டிலைக் கையில் எடுத்ததும் எழில் காதோரம் வந்தாள்.

"ஜாஸ்தி குடிச்சிடாதடி. மேல நமக்கு எடமே கெடையாது. இவ்ளோ ஆம்பளைங்க முன்னாடி எங்க போயி ஒக்காருவ?"

"தெரியும். வாய மட்டும் நனைச்சுக்கறேன்."

முதலில் படிகள். அவற்றை நான் ஓடியே ஏறினேன். "டீச்சரம்மா, மலை எங்கியும் ஓடிப் போவாது!" என்று பின்னாலிருந்து மாமா கத்தினார். படிகள் முடிந்ததும் பாறைகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மரங்கள் இருக்கும்வரை பரவாயில்லை. அதன்பிறகு வெயில் தலைமீது ஏறி உட்கார்ந்துகொண்டது. பாறை, தோசைக்கல்லாகக் காய்ந்தது. பாதத்தை முழுசாக வைக்க முடியாமல் விரல் நுனியில் நடந்தேன். கெண்டைக்கால் அப்போதே கெஞ்ச ஆரம்பித்திருந்தது. வழியில் மோரும் எலுமிச்சை ஜூஸும் விற்றார்கள். வாசனை பிடித்துக்கொண்டே கடந்தேன்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏறுகிறவர்கள் எவ்வளவு தூரம் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "இன்னும் கொஞ்ச தூரந்தாங்க, வந்தாச்சு" என்பார்கள். பாதி வழியில் திரும்பிப் போவது நல்லதில்லை என்று ஒரு நம்பிக்கை. அதனால் யாரையும் சோர விடுவதில்லை. அன்று எத்தனை பேர் எனக்குக் கொஞ்ச தூரம் சொன்னார்களோ தெரியாது.

கடப்பாறைப் படிகளுக்கு வந்தபோது என் இரண்டு தொடைகளும் தையல் மெஷின்போல ஆடின. செங்குத்துப் பாறை. ஆள் உயரக் கடப்பாறைகளைப் பாறைக்குள் இறக்கி, சங்கிலி கோர்த்திருக்கிறார்கள். பிடித்தால் இரும்பு சுடுகிறது, விட்டால் பள்ளத்தாக்கு. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே சங்கிலியைத்தான் பிடிக்க வேண்டும். எனக்கு மேலே ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் குதிகால் என் விரலின்மீது வந்து நின்றது. "அம்மா மன்னிச்சிக்க" என்றார். காலை எடுக்க அவருக்கும் இடமில்லை. அவர் நகரும்வரை என் விரலும் நானும் அப்படியே இருந்தோம். கீழே பார்த்தேன். வேன்கள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. வியர்வை நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காற்று அடிக்கிறது, அதனால் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இயற்பியல் படித்தவள்.

அதற்கு மேலும் தண்டவாளத் துண்டுகளாலான படி, இரும்பு ஏணி. உச்சியில் கோயில். அங்கே பூசாரிக்குக் காத்திருக்க வேண்டாம். அவரவரே பூஜை செய்யலாம். மாமா பால் ஊற்றினார், கண்ணில் நீர் வந்தது அவருக்கு. எனக்கு உள்ளங்கையில் தீர்த்தம் கொடுத்தார். அன்று முழுநாளில் நான் ஒழுங்காகக் குடித்தது அந்த ஒரு கை நீரைத்தான்.

இறங்குவதுதான் கொடுமை. ஒவ்வொரு பாறையிலும் மொத்த உடம்பையும் தொடை தாங்கிப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. பாதியில் உட்கார்ந்தேன். அதன்பிறகு பெரும்பகுதியை உட்கார்ந்தபடியே, குழந்தை படி இறங்குவதுபோல இறங்கினேன். எதிரே ஏறி வந்த ஒருவர் மூச்சிரைக்கக் கேட்டார், இன்னும் எவ்வளவு தூரம் என்று. "கொஞ்சந்தாங்க" என்றேன்.

மறுநாள் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. தொடை மரக்கட்டையாக வீங்கியிருந்தது. மாமா மெடிக்கல் ஷாப்பில் வலி என்று சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கி வந்தார். காகிதக் கவரில் வேளைக்கு இவ்வளவு என்று போட்டுத் தருவார்களே, அது. எங்கள் ஊரில் எல்லோரும் சாப்பிடுவதுதான். வலி குறைந்தது. இன்னொரு செட் வாங்கினார்.

அன்று மாலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அதற்கடுத்த நாள் இன்னும் கறுப்பாக, ஒரு மூடி அளவு. அம்மா பார்த்துவிட்டு முடிவு கட்டினாள்.

"சூடுடி. வெயில்ல மலையேறினா பின்ன என்னா ஆவும்? எளநி குடி, எறங்கிடும்."

இளநீர் வந்துகொண்டே இருந்தது. நானும் குடித்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் இருக்கிறோம், கழிவறை பத்தடியில் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். ஆனால் போகவேண்டிய உணர்வே வரவில்லை. முகம் வீங்கியது. வாந்தி. நெஞ்சு இடையிடையே ஒரு துடிப்பைத் தவறவிட்டது. மாமா ஆட்டோ கொண்டுவந்தார்.

சிறுநீரக மருத்துவர் ஒரு பெண்மணி. இளையவர், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. ரத்தப் பரிசோதனை வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மலையேறினியா? ஏறினா எறங்கியும் இருப்பல்ல? எறங்கினதுதான் தசைய ஜாஸ்தி ஒடச்சிருக்கு."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர் (அளவுக்கு மீறி உழைத்த தசை சிதைந்து, அதன் சாயம் ரத்தத்தில் கலப்பது). அந்தச் சாயம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். உடம்பில் தண்ணீர் இருந்திருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும். தண்ணீர் இல்லாத சிறுநீரகத்தின்மேல் வலி மாத்திரையும் விழுந்தால் அது கதவைச் சாத்திவிடும். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு) எங்கோ ஏறியிருந்தது.

"தண்ணி எவ்ளோ குடிச்ச?"

"தீர்த்தம் குடிச்சேன்."

"தீர்த்தமா? பாட்டில் கொண்டு போவலியா?"

"கொண்டு போனேன்."

அவர் என்னையே பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா புரிந்துகொண்டு வெளியே போனார். பிறகு ஏன் குடிக்கவில்லை என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "படிக்கறப்ப ட்ரெயின்ல ஊருக்குப் போவ நானும் இதத்தான் பண்ணேன்" என்று மட்டும் சொன்னார். அம்மா பக்கம் திரும்பினார்.

"வீட்டுல என்னம்மா குடுத்தீங்க?"

"சூடுன்னு எளநிதாங்க டாக்டர். வேற ஒண்ணுமே குடுக்கல. எளநிதான், நாள் முச்சூடும்." அம்மா பெருமையாகத்தான் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இளநீரில் பொட்டாசியம் அதிகம் (சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு ரத்தத்தில் தேங்கி, இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய உப்பு). உடனே டயாலிசிஸ் என்றார். அன்றே என் கழுத்தில் துளை போட்டார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அம்மாவும் மாமாவும் சண்டை போட்டார்கள். கதவு வழியாகக் கேட்டது.

"நாந்தான் அத்த மாத்திர வாங்கியாந்தது."

"இல்ல மாப்ள, எளநி குடுத்தது நானு."

"டாக்டரு மாத்திரயத்தான் மொதல்ல சொன்னாங்க."

"எளநின்னதுந்தான் பேனாவ வெச்சாங்க. நீங்க பாக்கல?"

பழியை ஒருவர் மற்றவருக்கு விட்டுத்தர மறுத்தார்கள். உள்ளிருந்து நான் சொன்னேன், "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துட்டு சொல்லுங்க. நான் தூங்கறேன்." தூக்கம் வரவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் இயந்திரம். ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரும்போது உடம்பு உள்ளிருந்து குளிரும். வெளியே அக்னி நட்சத்திரம். முடிந்ததும் யாரோ பிழிந்து கொடியில் போட்டதுபோல இருக்கும். பேச, கோபப்பட, பயப்படக்கூடத் தெம்பு இருக்காது. இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தக் களைப்பு தெரியும். அது தூங்கினால் போகிற களைப்பு இல்லை.

அதைவிடப் பெரிய விசித்திரம் தாகம். சிறுநீர் போகாதவர்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது; குடித்தால் அது நுரையீரலில் ஏறும். நாளுக்கு அளந்து வைத்த கொஞ்சம் தண்ணீர். அம்மா அதை ஸ்பூனில் தந்தாள். இருபத்துநான்கு வயதுவரை தண்ணீரை நான்தான் தள்ளி வைத்தேன். இப்போது அது என்னைத் தள்ளி வைத்தது. கனவில்கூட அந்த மலைவழியின் மோர்ப்பானைகள் வந்தன.

பக்கத்து இயந்திரத்தில் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர். வெளிநாட்டில் வேலை பார்த்தவர், பல வருடங்களாக டயாலிசிஸ். எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கவலப்படாதம்மா, இன்னும் கொஞ்ச நாள்தான், இன்ஷா அல்லாஹ்" என்பார்.

ஒருநாள் பொறுக்கவில்லை. "ஒங்களுக்கு எப்படித் தெரியும் பாய்? மலையிலயும் எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் சொல்லாம இருந்தா மட்டும் தூரம் கொறஞ்சிடுமா?"

எழில் பார்க்க வந்தாள். அழுதாள். "நானுந்தாண்டி குடிக்கல. எனக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள். ஏன் எனக்கு மட்டும் என்ற கேள்வியை அவள் வாயால் கேட்டபோது எரிச்சலாக இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். ஓடி ஏறியது, இறங்கியதில் தசை சிதைந்தது, மாத்திரை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது என்றார். பிறகு, "முழுசாச் சொல்லத் தெரியல" என்றார். அந்தப் பதில்தான் எனக்குப் பிடித்தது.

வாரங்கள் போயின. குழாயைக் கழுத்திலிருந்து மாற்றி நெஞ்சில் நிரந்தரமாக வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அம்மா என் நைட்டியை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஆவலன்னா என்னுத எடுத்துக்க. எனக்கு எதுக்கு ரெண்டு?" ஏதோ புடவையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு காலையில் அடிவயிற்றில் ஏதோ கனத்தது. அது என்ன உணர்வு என்று எனக்கு நினைவுக்கு வரவே சற்று நேரம் ஆனது. அத்தனை வருடம் அடக்கி அடக்கி வைத்த அதே உணர்வு. "அம்மா, பெட்பேன்" என்றேன். கொஞ்சம்தான். தேநீர் நிறம். அம்மா அளவுக் குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோயிலில் தீபம் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தாழ்வாரத்தில் லிஃப்ட் திறந்தது.

"மதி! யூரின் போச்சா?"

"போச்சு மாப்ள!" என்று அம்மா கத்தினாள். பெஞ்சில் யாரோ கைதட்டினார்கள். மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு நாளுக்கு நாள் கூடியது. ஒரு கட்டத்தில் பெருக்கெடுத்தது. இப்போது போகும் அளவுக்குக் குடிக்கச் சொன்னார்கள். குழாயை எடுத்தார்கள். வீட்டுக்குக் கிளம்பிய அன்று இயந்திர அறைக்குப் போய் பாயிடம் சொல்லிக்கொண்டேன். ஊசியேற்றிய கையை அசைக்காமல், மறுகையால் போய்வா என்றார். அவர் எனக்குச் சொன்ன கொஞ்ச நாள் வந்துவிட்டது. தன்னுடைய இயந்திரத்தில் அவர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கிரியாட்டினின் இறங்க மாதங்கள் ஆயின. முழுசாக இறங்கவில்லை. வலி மாத்திரை இனி ஆயுளுக்கும் கிடையாது. படி ஏறும்போது தொடை முன்போல நம்பிக்கை தருவதில்லை. பள்ளிக்குத் திரும்பினேன். பஸ்ஸில் பாட்டிலைத் திறந்து குடிக்கிறேன். பஸ் நின்றால் இறங்கி, இடம் எங்கே என்று கேட்கிறேன். பலமுறை கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட நாள்களில் நேரம் கடலூரிலிருந்து சிதம்பரம்வரை என் அடிவயிற்றில்தான் ஓடுகிறது. கைக்கடிகாரம் எனக்கு எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் அந்தக் கனம் வரும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு நிம்மதி. உள்ளே வேலை நடக்கிறது.

2012 தை மாதம், வெயில் குறைந்த பருவத்தில், திரும்பப் போனேன். "அத்த என்னிய வெட்டிப்புடும்" என்று மாமா பயந்தார். டாக்டரம்மா, "போ. பாட்டில் காலியாவணும்" என்றார்.

ஓடவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, குடித்துக் குடித்து ஏறினேன். கடப்பாறைகள் தொடங்கும் இடத்துக்கு வந்தபோது தொடை ஆட ஆரம்பித்தது. கூடவே அந்தக் கனமும் வந்தது.

"மாமா, ஒண்ணுக்குப் போவணும். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. யாரும் வராம பாத்துக்குங்க."

மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். இறங்கி வந்தவர்களிடம், "செத்த நில்லுங்கப்பா, லேடீஸ்!" என்று குரல் கொடுத்தார். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தைக் காற்று வீசியது. எல்லாம் மெதுவாக நடந்தது. எனக்கு அவசரம் இல்லை.

பழக்கதோஷத்தில் மாமா திரும்பாமலே கத்தினார்.

"மதி! போச்சா?"

மலைமுழுக்கக் கேட்டிருக்கும். "போச்சு மாமா."

எழுந்து கடப்பாறைகளைப் பார்த்தேன். நல்ல வெளிச்சத்தில், சங்கிலியோடு, எனக்குத் தெரிந்த பாறை. "எறங்கலாம் மாமா" என்றேன். பாதியில் திரும்பக் கூடாதே என்று ஆரம்பித்தவர், என் கால்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கீழே, மரங்கள் தொடங்கும் வளைவில், ஒரு பெண் மூச்சிரைக்க நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கூட வந்த ஆண்கள் நாலைந்து பாறை மேலே போயிருந்தார்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கையில் பாட்டில், மூடி திறக்காமல்.

"அக்கா, இன்னும் எவ்ளோ தூரம்?"

"நெறய இருக்கு" என்றேன். "தண்ணி குடிச்சியா?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். மேலே நின்ற ஆண்களைப் பார்த்தாள்.

"மேல ஒரு பெரிய பாறை இருக்கு" என்றேன். "அதுக்குப் பின்னாடி எடம் இருக்கு. குடி."

அவள் மூடியைத் திருகினாள். பாட்டில் பாதியாகும்வரை நான் அங்கேயே நின்றேன்.